துணையோடு வரும் சொற்கள்

நட்டத்தைத் தமிழர் ‘அடைகின்றனர்’. சில வேளைகளில் ‘படுகின்றனர்’. இந்தி பேசும் நம் அண்டை வீட்டார் அதனைத் ‘தூக்குகின்றனர்’; ‘காட்டா உட்டானா’ என்பது அவர்தம் வழக்கு. ஜப்பானியர் நட்டத்தைச் ‘செய்கின்றனர்’. ‘சுரு’ என்னும் பொதுவினையே அதற்கு அவர்கள் மொழியில் அமைந்தது. ஆங்கிலேயரோ நட்டத்தை ‘ஆக்குகின்றனர்’. ‘மேக் எ லாஸ்’ என்பர். கைப்பொருளை இழந்து நிற்கும் ஒரே நிலைக்கு நான்கு மொழிகள் நான்கு வினைகளைத் துணை சேர்த்துள்ளன. இவற்றுள் எது அறிவுக்குப் பொருந்துவது என வினவிப் பயனில்லை. எது வழக்கு என்பது ஒன்றே ஈண்டுக் கேள்வி.

வடபுலத்து நகர் ஒன்றில் பொருளியல் பயிலும் இளைஞர்க்கு ஆங்கிலம் கற்பிக்கும் பணியில் நான் பல்லாண்டு இருந்தேன். ஒரு தேர்வில் தமிழ் மாணவர் ஒருவர் ‘காட் லாஸ்’ என்றும், இந்தி மாணவர் ஒருவர் ‘லிஃப்டெட் லாஸ்’ என்றும் எழுதியிருந்தனர். இருவரும் செலவுக் கோட்டையும் வருவாய்க் கோட்டையும் பிழையின்றி வரைந்திருந்தனர். ஆயினும் இருவர் விடைத்தாளிலும் சிவப்புக் கோடுகள் மிகுந்திருந்தன. விடை திருத்திய நண்பர், “இவர்களுக்குப் பாடமே விளங்கவில்லை” என்று என்னிடம் சொன்னார். அன்று நான் மறுத்துப் பேசவில்லை. பேசாததற்குக் காரணமும் உண்டு. அந்த ஆண்டின் தொடக்கத்தில் நானே அம்மாணவர்க்கு நானூறு பொருளியற் சொற்கள் கொண்ட பட்டியல் ஒன்றைக் கொடுத்திருந்தேன். சொல் ஒருபுறம், பொருள் மறுபுறம். ‘லாஸ்’ என்றால் நட்டம் என்று அதில் இருந்தது. அந்த ‘லாஸ்’ எந்த வினையோடு நடக்கும் என்பது மட்டும் இல்லை. பிழை அவர்களுடையதா, பட்டியலைத் தந்தவனுடையதா என்ற ஐயம் நெடுநாள் என்னை விடவில்லை. அவ்வையத்தோடு பழைய நூல்களைப் புரட்டியபோது கிடைத்த வரலாறே இக்கட்டுரை.

சொல்லுக்குச் சொல் துணை வேண்டும் என்பது தமிழர்க்குப் புதிய செய்தி அன்று. தொல்காப்பியச் சொல்லதிகாரத்தின் முதல் இயலாகிய கிளவியாக்கம் இதனைப் பேசுகிறது. வெவ்வேறு வினைகளுக்கு உரிய பல பொருள்களை ஒரு பொதுப்பெயரால் கூறும்போது, அவற்றுள் ஒன்றற்கே உரிய வினையை அப்பெயருக்குக் கூட்டலாகாது என்பது அங்குள்ள விதி. அடிசில் என்பதில் உண்பனவும் உண்டு, தின்பனவும் உண்டு, பருகுவனவும் உண்டு. ஆகவே அடிசில் தின்றார் என்னாது, அடிசில் அயின்றார் எனல் வேண்டும். இயம் என்பதில் கொட்டுவனவும் ஊதுவனவும் அடங்கும். ஆகவே இயம் இயம்பினார் என்க. படை என்பதில் எய்வனவும் எறிவனவும் அடங்கும். ஆகவே படை வழங்கினார் என்க. உரையாசிரியர்கள் இவற்றை விரித்துக் காட்டியுள்ளனர். இளமைப் பெயர்களைத் தொகுத்துரைக்கும் மரபியலும் இவ்வினத்தைச் சார்ந்ததே. பசுவின் இளமை கன்று. புலியின் இளமை பறழ். ஏன் என்று கேட்டால் ‘மரபு’ என்பது விடை.

ஆனால் தொல்காப்பியர் தமிழறிந்தார்க்கு இலக்கணம் வகுத்தவர். வேற்று மொழியான் ஒருவன், அதுவும் வாணிகமும் வங்கியும் கற்க வந்த ஒருவன், பிறர் மொழியின் மரபை எவ்வாறு பெறுவான் என்பது பிற்காலத்துக் கேள்வி. அக்கேள்வி கூர்மையாக எழுந்த இடம் இங்கிலாந்தும் அன்று, இந்தியாவும் அன்று, ஜப்பான்.

மெய்ஜி ஆட்சியில் நாட்டைத் திறந்துவிட்ட ஜப்பானியர்க்கு ஆங்கிலம் இலக்கிய இன்பத்துக்காக வேண்டப்படவில்லை. கப்பலுக்கும் கடனுக்கும் கணக்குக்கும் வேண்டப்பட்டது. 1875-இல் மோரி அரினோரி டோக்கியோவில் வணிகப் பயிற்சிப் பள்ளி ஒன்றை நிறுவி, வில்லியம் விட்னி என்னும் அமெரிக்கரை ஆசிரியராக வருவித்தார். அதுவே வளர்ந்து இன்றைய ஹிட்டோட்சுபாஷி பல்கலைக்கழகம் ஆயிற்று. மொழியும் நிதியும் அந்நாட்டில் எவ்வளவு நெருங்கி நின்றன என்பதற்குத் தகாஹாஷி கொரெக்கியோவின் வாழ்வு சான்று. இளமையில் கராட்சு என்னும் சிற்றூரில் ஆங்கில ஆசிரியராக இருந்த அவரே, 1904-இல் ரஷ்யப் போரின்போது ஜப்பானியப் பேரரசுக்காக ஒரு கோடிப் பவுன் கடன் திரட்டியவர். பாதி இலண்டனிலும் பாதி நியூயார்க்கிலும் கிடைத்தது. கடன் பத்திரங்களை வெளியிட்டுத் திரட்டுவதை ஆங்கிலேயர் ‘ஃப்ளோட் எ லோன்’ என்பர்; கடனை மிதக்க விடுதல் என்பது அதன் நேர்ப்பொருள். நம்மவர் கடனில் மூழ்குவதையே அறிவோம்; கடனே மிதக்கும் என்று எந்தத் தமிழ் மாணவர் ஊகிப்பார்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் உயர் வணிகப் பள்ளிகள் ஜப்பான் எங்கும் எழுந்தன. கோபே, நாகசாகி, ஒட்டாரு எனத் துறைமுக நகர்கள் பலவற்றில் அவை அமைந்தன. கியூஷூ தீவின் ஓயிட்டா நகரத்துப் பள்ளி 1920களின் தொடக்கத்தில் தோன்றியது. அங்கு 1924-இல் ஆங்கிலம் கற்பிக்க வந்தவர் ஆல்பர்ட் சிட்னி ஹார்ன்பி. அவர் இங்கிலாந்தின் செஸ்டர் நகரத்தில் 1898-இல் பிறந்து இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆங்கிலம் பயின்றவர். இலக்கியம் கற்பிக்கவே அழைக்கப்பட்டார். வந்து பார்த்தபோது, மாணவர்க்கு வேண்டியது காவியமன்று, மொழியே என்பதைக் கண்டுகொண்டார். நாடகமும் கவிதையும் கற்று வந்த இளைஞர், நாளை வாணிக மடல் எழுத வேண்டியவர்முன் நின்றார். இலக்கியத்தை அவர் வெறுக்கவில்லை; எதை முன்வைப்பது என்பதில் மனம் மாறினார்.

ஹார்ன்பி வருமுன்னரே டோக்கியோவில் மற்றொருவர் அமர்ந்திருந்தார். அவர் ஹெரால்டு பால்மர். பல்கலைக்கழகப் பட்டம் பெறாதவர். 1902 முதல் பெல்ஜியத்தின் வெர்வியே நகரில் ஆங்கிலம் கற்பித்தார். 1914-இல் செருமானியப் படை நுழைந்தபோது அவ்வூரை விட்டு ஓடி வந்தார். இலண்டனில் டேனியல் ஜோன்ஸ் தலைமையில் இருந்த ஒலியியல் துறையில் விரிவுரையாளர் ஆனார். தனிச்சொல்லை மட்டும் மொழியின் அலகாகக் கொள்வது தவறு, பல சொற்கள் சேர்ந்து ஒரே அலகாக நிற்பதும் உண்டு என்று 1917-இல் வெளியான தம் நூலிலேயே எழுதியவர். 1922-இல் சவயானகி மசட்டாரோ என்னும் கல்வியறிஞர் அவரை ஜப்பானுக்கு அழைத்தார். பொருளுதவி செய்தவர் கோபே நகரின் கப்பல் கட்டும் தொழிலதிபர் மட்சுகட்டா கோஜிரோ. இதை நான் விரும்பிச் சொல்கிறேன். கப்பல் கட்டியவரின் பணத்தால் அடுத்த ஆண்டே ஆங்கிலக் கற்பித்தல் ஆராய்ச்சிக் கழகம் தோன்ற வழி பிறந்தது. சொல்லாராய்ச்சிக்குப் பணம் தரும் தொழிலதிபர்கள் நம் நாட்டில் எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம்.

1930களின் தொடக்கத்தில் ஹார்ன்பி பால்மரோடு இணைந்தார். சொற்களை எண்ணித் தெரிவு செய்யும் பணி அப்போது நடந்துகொண்டிருந்தது. ஆயிரம் சொல் போதுமா, மூவாயிரம் வேண்டுமா என்பதே அக்கால வழக்கு. எண்ணத் தொடங்கியவர்க்கு ஓர் இடர் தோன்றியது. ‘கோ’ என்பதும் ‘ஆஃப்’ என்பதும் ‘கோல்ட்’ என்பதும் முதலாண்டு மாணவனும் அறிந்த சொற்கள். மூன்றும் சேர்ந்தால்? 1931 செப்டம்பரில் பிரிட்டன் ‘வென்ட் ஆஃப் கோல்ட்’ என்று உலகச் செய்தித்தாள்கள் எழுதின. தங்கத்தை விட்டு எங்கோ போயிற்று என்பதன்று பொருள். நாணயத்தைத் தங்கத்தோடு பிணைத்திருந்த முறையைக் கைவிட்டது என்பதே பொருள். மூன்று எளிய சொற்களுக்குள் ஒரு பேரரசின் நிதிநிலை அடங்கிக் கிடந்தது. ஜப்பான் 1930 சனவரியில் தங்க முறைக்குத் திரும்பி, 1931 டிசம்பரில் மீண்டும் விலகியது. திரும்பச் செய்த நிதியமைச்சர் இனோவே ஜுன்னோசுகே, ஹார்ன்பி பணி செய்த அதே ஓயிட்டா மாநிலத்தவர். விலகச் செய்தவர் முன்னாள் ஆங்கில ஆசிரியர் தகாஹாஷி. முன்னவர் 1932 பிப்ரவரியிலும் பின்னவர் 1936 பிப்ரவரியிலும் கொலையுண்டனர். ஆகவே அந்நாளைய வணிக மாணவனுக்கு இச்சொற்சேர்க்கைகள் மதிப்பெண்ணுக்குரிய பாடம் மட்டும் அல்ல. தன் நாட்டில் என்ன நிகழ்கிறது என்பதை அயல்நாட்டு ஏடுகளில் படித்தறியும் திறவுகோலும் ஆகும்.

பணம் என்னும் ஒரு சொல்லையே எடுத்துக்கொள்வோம். ‘சீப் மனி’ என்பது மதிப்பிழந்த பணம் அன்று. வட்டி குறைந்திருக்கும் நிலை. 1932 சூன் திங்களில் இங்கிலாந்து வங்கி தன் வட்டி வீதத்தை நூற்றுக்கு 2 ஆகக் குறைத்தபின் வந்த காலத்துக்கே அப்பெயர் நிலைத்தது. ‘டியர் மனி’ அன்பான பணம் அன்று. வட்டி உயர்ந்த நிலை. ‘டைட் மனி’ கடன் கிடைப்பது அரிதான நிலை. ‘ஹாட் மனி’ இலாபம் தேடி நாடுவிட்டு நாடு ஓடும் பணம். ‘கால் மனி’ கேட்டவுடன் திருப்பித் தரவேண்டிய கடன். ஐந்திலும் ‘மனி’ ஒன்றே. முன்னிற்கும் துணைதான் வேறு. என் பழைய பட்டியலில் ‘மனி’ என்றால் பணம் என்று ஒரே வரியில் முடித்திருந்தேன்!

பால்மரின் கழகம் 1933-இல் ஆங்கிலச் சொற்சேர்க்கைகள் பற்றிய இடைக்கால அறிக்கையை வெளியிட்டது. தொகுப்பில் ஹார்ன்பியின் உழைப்பு பெரிது. உறுப்புகளைத் தனித்தனியே அறிந்து கூட்டிப் பெற இயலாமல், முழுமையாகவே கற்கப்பட வேண்டியதைச் சொற்சேர்க்கை என அவ்வறிக்கை கொண்டது. இலக்கண அமைப்பு நோக்கி வினைவழிச் சேர்க்கை, பெயர்வழிச் சேர்க்கை எனப் பாகுபடுத்தியது. எண்ணிக்கை பொதுவாக ஆசிரியர்கள் கருதியதைவிட மிகப் பெரிதாக இருந்தது. ஆயிரம் சொல் கற்றால் ஆங்கிலம் கைவரும் என்ற நம்பிக்கைக்கு இது பேரிடி. ஆயிரம் சொற்கள் தமக்குள் கூடிப் பெருகுவது வட்டி குட்டி போடுவது போன்றது. (கிரேக்க மொழியில் வட்டிக்கும் குட்டிக்கும் ‘டோக்கோஸ்’ என்ற ஒரே சொல் வழங்கியது என்பதை இங்கு நினைவூட்டத் தோன்றுகிறது.)

ஜப்பானியர் இவ்வாராய்ச்சியில் கேட்போராக மட்டும் இருந்தனர் என எண்ணலாகாது. வசேடா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர் கட்சுமட்டா செங்கிச்சிரோ 1939-இல் வெளியிட்ட ஆங்கிலச் சொற்சேர்க்கை அகராதி, நூறாயிரத்துக்கும் மேற்பட்ட சேர்க்கைகளைக் கொண்டது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டார் எவரும் அந்நாளில் அத்தகைய பெருந்தொகுப்பைச் செய்திருக்கவில்லை. அவர்களுக்கு அது தேவைப்படவும் இல்லை. மீனுக்கு நீச்சல் நூல் எதற்கு?

1936-இல் பால்மர் தாயகம் திரும்பினார். கழகத்து ஆராய்ச்சி ஹார்ன்பியின் பொறுப்பாயிற்று. அடுத்த ஆண்டு கேட்டன்பி, வேக்ஃபீல்டு என்னும் இருவரோடு அவர் அகராதி ஒன்றைத் தொடங்கினார். அதுகாறும் வந்த அகராதிகள் படிப்பவனுக்கு உதவின; இது எழுதுபவனுக்கு உதவ எழுந்தது. ஒரு வினைச்சொல் எவ்வெவ் வாய்பாட்டில் வாக்கியத்தில் அமையும் என்பதை 25 வாய்பாடுகளாக வகுத்துக் காட்டியது. எண்ணப்படும் பெயர் எது, எண்ணப்படாத பெயர் எது எனக் குறியிட்டது. பொருளியல் மாணவன் இடறும் இடங்களில் இதுவும் ஒன்று. ‘மெஷின்’ எண்ணப்படும், ‘மெஷினரி’ எண்ணப்படாது; ‘குட்ஸ்’ பன்மையிலேயே நிற்கும்; ‘இன்வெஸ்ட்மென்ட்’ இடத்துக்கு ஏற்ப இருவகையிலும் வரும். இதைச் சொல்லித்தராமல் மாணவனைப் பழிப்பது முறையாகாது.

நூல் 1940-இல் முடிந்தது. 1941 டிசம்பரில் போர் மூண்டது. ஹார்ன்பி பகைநாட்டவராகக் காவலில் வைக்கப்பட்டு, 1942-இல் நாட்டைவிட்டு அனுப்பப்பட்டார். அதே 1942-இல் டோக்கியோவில் கைட்டகுஷா பதிப்பகம் அவ்வகராதியை அச்சிட்டு வெளியிட்டது. பகைவரின் மொழியில், பகைவர் தொகுத்த நூலைப் போர் நடுவே அச்சேற்றிய அப்பதிப்பாளரின் செயலை நான் வியக்கிறேன். போர் முடிந்தபின் 1948-இல் ஆக்ஸ்ஃபோர்டு அச்சகம் அப்பக்கங்களையே நிழற்பட முறையில் மறுபதிப்பு செய்தது. 1952-இல் ‘அட்வான்ஸ்டு லேர்னர்ஸ்’ என்ற பெயர் அதற்கு வந்தது. நம்மில் பலர் கல்லூரியில் கையில் வைத்திருந்தது அந்நூலின் பின்னைப் பதிப்புகளே. முகப்பில் ஆக்ஸ்ஃபோர்டு என்றிருந்ததால் அது ஆக்ஸ்ஃபோர்டிலேயே பிறந்தது என்று நானும் கருதியிருந்தேன். அதன் வேர் ஜப்பானிய மாணவரின் இடர்ப்பாட்டில் இருந்தது என்பதை எந்த ஆசிரியரும் எனக்குச் சொன்னதில்லை.

நம் நாட்டுக்கும் இவ்வரலாற்றில் பங்கு உண்டு. வங்கத்தில் டாக்கா ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் இருந்த மைக்கேல் வெஸ்ட், பிள்ளைகள் படித்தறியத்தக்க குறைந்த சொற்களைக் கணக்கிட்டார். அவர் பெயரால் வழங்கும் பொதுச்சொற் பட்டியல் 1953-இல் வந்தது. லாகூரில் 1919 முதல் 1928 வரை ஆங்கிலப் பேராசிரியராக இருந்தவர் ஜே. ஆர். ஃபர்த். ஒரு சொல்லின் பொருளில் ஒரு பகுதி அதன் வழக்கமான துணைச்சொற்களிலேயே உள்ளது என்ற கொள்கையை 1951-இல் வெளியான கட்டுரையில் மொழியியலுக்குள் நிலைநாட்டியவர் அவர். தமிழர் அவரை மறவாதிருக்க மற்றொரு காரணமும் உண்டு. ஆர்டன் பாதிரியாரின் தமிழ் இலக்கண நூலின் 1934-ஆம் ஆண்டுப் பதிப்பில் தமிழ் ஒலிப்புமுறை பற்றிய சிறு விளக்கத்தை எழுதிச் சேர்த்தவர் இந்த ஃபர்த்தே. கிளவியாக்கத்தின் விதியை அவர் கண்டிருப்பாரோ என்று கேட்க நாவெழுகிறது. சான்றின்றி உறவு கொண்டாடுவது நமக்கு எளிது, ஆதலின் விட்டுவிடுகிறேன்.

ஃபர்த்தின் வழிவந்த ஜான் சின்க்ளேர் பர்மிங்காமில் கணிப்பொறியின் துணையால் பெருந்தொகைச் சொற்களை ஆராய்ந்து, 1987-இல் கோபில்டு அகராதியை உருவாக்கினார். பால்மர் தாளில் குறித்தது பொறியின் நினைவுக்குள் சென்றது. 2000-இல் நியூசிலாந்தின் ஏவரில் காக்ஸ்ஹெட் கல்விநூல்களில் பயிலும் 570 சொற்குடும்பங்களைப் பட்டியலிட்டார். கலை, வணிகம், சட்டம், அறிவியல் என்ற நான்கு துறை நூல்களில் அப்பட்டியல் மிகுதியாகப் பயில்வது வணிகத்துறையில்தான். நூற்றுக்கு 12 சொற்கள் அதிலிருந்து வருகின்றன. பொருளியலும் அத்துறையில் அடங்கியது. ஆயினும் அதுவும் தனிச்சொற் பட்டியலே என்பதை ஆசிரியர் மறத்தலாகாது.

இவ்வரலாற்றைப் படித்தபின் என் வகுப்பு மாறியது. நானூறு சொற்களை நூறாகக் குறைத்தேன். ஒவ்வொரு பெயர்ச்சொல்லின் கீழும் அதற்கு உரிய வினைகளை மாணவரே பாடநூலிலிருந்து தேடி எழுத வேண்டும். எதிரே தம் தாய்மொழியின் வினையையும் எழுத வேண்டும். ‘கேபிடல்’ என்பதன் கீழ் ‘ரெய்ஸ்’, ‘இன்வெஸ்ட்’, ‘டை அப்’ என வந்தன. தமிழ் மாணவர் எதிரே திரட்டு, போடு, முடக்கு என எழுதினார். ‘டை அப்’ என்பதற்கு ‘முதல் முடங்கியது’ என்பது எத்துணைப் பொருத்தம்! ‘கோ பேங்க்ரப்ட்’ என்பதற்கு ஒருவர் ‘மஞ்சள் கடுதாசி கொடுத்தான்’ என்று எழுதியபோது வகுப்பே சிரித்தது; இந்தி மாணவர்க்கு விளக்கிச் சொல்ல ஒரு மணி நேரம் சென்றது. ஆனால் அவர்கள் ‘கோ’ என்னும் வினையை அதன்பின் மறக்கவில்லை. ஒத்துப் போகும் இடங்களில் மாணவர் இடறுவதில்லை. ஒவ்வாத இடங்களே பாடம் வேண்டுவன. ‘லாஸ்’, ‘மேக்’ இரண்டுக்கும் ஒரு முழு வகுப்பு வேண்டும். ‘ஹெவி லாஸ்’ என்பதற்கு நம் ‘பெருநட்டம்’ துணையிருக்க அரை நிமிடம் போதும்.

எதிர்த்திசையில் ஓடும் ஆறும் ஒன்று உண்டு. தமிழ்ச் செய்தித்தாள்களில் நிறுவனங்கள் இழப்பைச் ‘சந்திக்கின்றன’. உற்பத்தி தேவையைச் ‘சந்திக்கிறது’. ‘மீட் டிமாண்ட்’ என்ற ஆங்கிலத் துணை தமிழுடுத்தி வந்து அமர்ந்துவிட்டது. ‘காட் லாஸ்’ என்று எழுதிய மாணவருக்குச் சிவப்புக் கோடு. இழப்பைச் சந்தித்த தலைப்புக்கு முதற்பக்கம்! வழக்கு அதனை ஏற்றுக்கொண்டால் நாளை அதுவும் மரபாகலாம். இன்று என் காதில் அது உறுத்துகிறது.

பாடமே விளங்கவில்லை என்று சொன்ன அந்த நண்பருக்குச் சில ஆண்டுகள் கழித்து இந்த வரலாற்றைச் சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பின்னர், தம் மாணவப் பருவத்தில் ‘டியர் மனி’ என்பதை அருமையான பணம் என்றே இரண்டாண்டு எண்ணியிருந்ததாகக் கூறினார்.

ஓயிட்டாவின் உயர் வணிகப் பள்ளி 1944-இல் பொருளியல் சிறப்புப் பள்ளியாகப் பெயர் மாறியது. 1949-இல் அது ஓயிட்டா பல்கலைக்கழகத்தின் பொருளியல் துறையாயிற்று. அவ்வாண்டே பால்மர் மறைந்தார். ஹார்ன்பி 1978 வரை வாழ்ந்தார். அகராதி ஈட்டிய வருவாயின் ஒரு பகுதியைக் கொண்டு 1961-இல் அவர் நிறுவிய அறக்கட்டளை, பிறமொழி நாடுகளின் ஆங்கில ஆசிரியர்க்குப் பயிற்சி உதவி அளித்து வருகிறது.